வானில் தோன்றிய ஒளி எது?

2022ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள். பின்னிரவு ஒரு மணியை நெருங்கும் வேளை. சரவாக் மாநில வானில் ஒளித்துண்டுகள் கூட்டமாக நகர்ந்து சென்றன. அதனைக் கண்டவர்கள் கைப்பேசியில் பதிவு செய்தனர். எரிகல் என்றே பலரும் எண்ணினர். உண்மையில் அது, ஒரு வாரத்திற்கு முன்பு சீனா விண்ணில் செலுத்திய 'லாங் மார்ச் 5பி' ராக்கெட்டின் எஞ்சிய பாகம். அது வளிமண்டலத்தில் நுழைந்து எரிந்து சிதறியது.

இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவது வேகம். எரிகல் வினாடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. எனவே, பெரும்பாலும் ஓரிரு வினாடிகளில் மறைந்துவிடும். பூமியைச் சுற்றிவந்து விழும் ராக்கெட் பாகத்தின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர்தான். ஆகவே, அது நெடுநேரம் தெரியும். பல துண்டுகளாக உடைந்து ஒரே திசையில் செல்லும்.

இரவு வானைப் படம் பிடிப்போர் இத்தகைய புதிர்களை அடிக்கடி சந்திக்கின்றனர். புகைப்படக் கருவி பல வினாடிகள் ஒளியை உள்வாங்கும்போது, நகரும் பொருள் கோடாகப் பதிகிறது. அக்கோட்டில் சீரான இடைவெளியில் புள்ளிகள் இருந்தால், அது விளக்குகள் மினுமினுக்கும் விமானமாக இருக்கலாம். செயற்கைக்கோள் பெரும்பாலும் புள்ளிகளற்ற கோடாகப் பதியும். சூரிய ஒளியைப் பிரதிபலிக்கும் அது, பூமியின் நிழலுக்குள் நுழைந்ததும் மங்கி மறையும். எரிகல்லின் கோடு பொதுவாக முனைகளில் மெலிந்திருக்கும். அடுத்த படத்தில் அது தொடராது.

சில ஒளிகள் வானிலேயே இருப்பதில்லை. தெருவிளக்கின் ஒளி வில்லைக்குள் எதிரொளித்து, படத்தின் எதிர்ப்பக்கத்தில் பச்சைப் புள்ளியாகத் தோன்றலாம். கருவியைச் சற்றுத் திருப்பிப் பார்த்தால் போதும். விண்மீன்களோடு சேர்ந்து நகராமல் அப்புள்ளி மட்டும் வேறு பக்கம் விலகினால், அது கருவிக்குள் உண்டானதே.

எனவே, படம் எடுத்த இடம், நேரம், திசை ஆகியவற்றைக் குறித்து வைப்பது இன்றியமையாதது. வெவ்வேறு இடங்களில் எடுத்த பதிவுகளை ஒப்பிட்டே, எரிகல்லின் துண்டுகள் விழுந்திருக்கக்கூடிய பகுதியை ஆய்வாளர்கள் கணிக்கின்றனர். இக்குறிப்புகள் இல்லாமல் பரவும் படம் வதந்திக்கே வழிவகுக்கும். குறிப்புகளோடு சேர்ந்த படமோ ஆய்வுக்குச் சான்றாகும்.