பழைய ஜீப் 'டிக்' என்று மட்டும் சொன்னால்...

ரொறன்ரோக் குளிரில் பழைய ஜீப் ஸ்ராட் ஆகாவிட்டால் உடனே புதுப் பற்றரி வாங்க ஓடாதீர்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் மல்ரிமீற்றர் 12.6 வோல்ற் காட்டினால் சார்ஜ் இருக்கிறது. அடுத்து, மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் நெகற்றிவிலும் மற்றதை எஞ்சின் உடம்பிலும் வைத்துக்கொண்டு, ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் குற்றவாளி ஏர்த் வயர்.

தெருவில் கொட்டும் உப்புதான் காரணம். வயர் முனை பார்வைக்கு இறுக்கமாகவே இருக்கும். நம்பாதீர்கள், உள்ளே பச்சை பூத்திருக்கும். முதலில் நெகற்றிவ் இணைப்பைக் கழற்றுங்கள். பிறகு ஏர்த் போல்ற்றைக் கழற்றி, உலோகம் பளிச்சிடும்வரை கம்பித் தூரிகையால் தேய்த்து இறுக்கி, மேலே கிறீஸ் பூசுங்கள்.

ஓடும் எஞ்சின் ஈரநாளில் திக்கினால், இருட்டில் பொனற்றைத் திறந்து பாருங்கள்: வெடித்த பிளக் வயரில் நீலப் பொறி தெரியும். கை வைக்க வேண்டாம். வண்டி கராஜுக்கு வெளியே நிற்கட்டும். புகைக்குள் இருக்கும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை.