ஆபீஸும் போகணும், தஞ்சாவூர் படமும் போடணும்: அக்காவின் டிப்ஸ்

வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் தஞ்சாவூர் படம் போடட்டுமா என்று கேட்டாயே, இப்போதைக்கு வேண்டாம் தங்கச்சி. ஆபீஸ் போகிறவளுக்கு இதைவிடத் தோதான கலை கிடையாது. பலகையில் துணி ஒட்டினால் காய வேண்டும். சாக் பவுடரும் கோந்தும் குழைத்துப் பூசினால் காய வேண்டும். அந்தக் குழைவாலேயே புடைப்பாக மக்கு எடுத்தால் அதுவும் காய வேண்டும். ராத்திரி ஒரு கட்டத்தை முடித்து வைத்துவிட்டால், மறுநாள் நீ ஆபீஸில் இருக்கும்போது அது பாட்டுக்குக் காயும். ஒரே ராத்திரியில் இரண்டு கட்டத்தை இழுத்துப் போட்டுக்கொள்ளாதே. ஈரத்தின் மேல் ஈரம் ஏறினால் வெடிப்பு விடும்.

எந்த வேலை எப்போது என்பதில்தான் சூட்சுமம். கல் ஒட்டுவதையும் மக்கு எடுப்பதையும் ட்யூப்லைட்டில் செய்யலாம். தங்க ரேக்கு ஒட்ட ஃபேனை நிறுத்தியாக வேண்டும், இல்லாவிட்டால் ரேக்கு பறக்கும். நம் ஊர் வெயிலில் ஃபேன் இல்லாமல் உட்கார்ந்தால் கை வியர்த்து ரேக்கில் தடம் விழும். அதனால் அதை விடியற்காலையில் வைத்துக்கொள். முகம் எழுதுவது, கண் திறப்பது இரண்டும் ஞாயிற்றுக்கிழமை காலை வெளிச்சத்துக்கு. ட்யூப்லைட்டில் சரியாகத் தெரிந்த உடம்பு நிறம் பகலில் பார்த்தால் வேறாக இருக்கும்.

விலை சொல்லக் கூச்சப்படாதே. மாதம் 200 மணி நேரம் வேலை பார்த்து 30,000 ரூபாய் வாங்குகிறாய் என்றால் உன் ஒரு மணி நேரம் 150 ரூபாய். ஒரு படத்துக்கு 40 மணி நேரம் ஆனால் கூலியே 6,000. ரேக்கு, கல், ஃபிரேம் எல்லாம் அதற்கு மேல். ‘ஆபீஸ் சம்பளம்தான் வருதே’ என்று பேரம் பேசுகிறவர்கள் சொந்தத்திலேயே இருப்பார்கள். சிரித்துக்கொண்டே அதே விலையைச் சொல். பாதிப் பணம் கைக்கு வராமல் ரேக்கு வாங்கப் போகாதே. 22 காரட் ரேக்கா, இமிடேஷனா என்பதை முதலிலேயே சொல்லி பில்லிலும் எழுது. இமிடேஷன் நாளாக நாளாகக் கறுக்கும், பழி உன் மேல் வரும்.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம், கிரகப்பிரவேசம் இருக்காது, ஆர்டரும் குறையும். அப்போது இரண்டு மூன்று பிள்ளையார், வெண்ணெய்க் கிருஷ்ணரைப் போட்டு வைத்துக்கொண்டால் ஆவணியிலும் தையிலும் கைகொடுக்கும். ஐப்பசி மழையில் மக்கு சீக்கிரம் காயாது, அந்த மாதத்தில் தேதி கொடுக்கும்போது பத்து நாள் கூட்டியே சொல்.

ஆபீஸில் கொடுத்த அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படி. வேறு வருமானம் பார்க்கக் கூடாது என்று ஒரு வரி இருந்தாலும் இருக்கும். அரசு வேலை என்றால் முன் அனுமதி வாங்காமல் விற்காதே. வரி கட்டும்போது படம் விற்ற பணத்தையும் காட்ட வேண்டும். சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் ஐடிஆர்-1 இதற்குச் செல்லாது, ஆடிட்டரிடம் கேட்டுவிடு. படக் காசுக்குத் தனி பேங்க் கணக்கு இருந்தால் அவர் கேட்கும்போது தேட வேண்டியிருக்காது.

வெளியூருக்கு அனுப்புவதானால் கண்ணாடி வேண்டாம், அக்ரிலிக் ஷீட் போடு. எது போட்டாலும் அதற்கு முன்பே ஜன்னலோரம் வைத்து போட்டோ எடுத்துவிடு. பிறகு எடுத்தால் பிள்ளையாரோடு நைட்டியில் நீயும் தெரிவாய்.