படிவம் திறக்கலையா? காரணம் சிக்னல் மட்டும் இல்லை

திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருப்பது வேங்கிக்காலில். ஆனால் பௌர்ணமி அன்னைக்கு அங்கிருந்தே ஆன்லைனில் வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது சிரமமாகலாம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கான பக்தர்கள். பெரும்பாலானோர் கையில் போன். சிக்னல் திணறும், திரையில் வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். கல்வி உதவித்தொகைக்கு அதுதான் கடைசி நாள்னா?

சிக்னல் ஒரு காரணம். இணையதளம் உருவான விதம் இன்னொரு காரணம்.

2013-ல் ரியாக்ட் வெளியானது. அதுபோன்ற கட்டமைப்புகள் பரவியதும், பக்கத்தை உருவாக்கும் வேலை பெருமளவு நம்ம போனுக்கு வந்துடுச்சு. ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள் இறங்கின பிறகுதான் படிவம் தெரியும். விலை குறைந்த போனுக்கு இது பெரிய சுமை.

இப்போ நெக்ஸ்ட்.ஜேஎஸ் போன்றவை பக்கத்தைச் சர்வரிலேயே தயாரித்து அனுப்புகின்றன. மளிகைச் சாமானுக்குப் பதிலாகச் சமைத்த சாப்பாடே வீட்டுக்கு வருவது போல! 2024 டிசம்பரில் வந்த ரியாக்ட் 19 பதிப்பும் இதற்கு வழி செய்கிறது.

அடுத்தது, சர்வீஸ் வொர்க்கர். ஒருமுறை திறந்த பக்கத்தை இது போனிலேயே வைத்திருக்கும். நிரப்பிய விவரங்களையும் போனில் சேமிக்கும்படி தளத்தை எழுதினால், சிக்னல் போனாலும் மறுபடி முதலிலிருந்து தட்ட வேண்டாம்.

மென்பொருள் படிக்கும் மாணவர்களே, நீங்க உருவாக்கும் தளத்தை பிரவுசரில் நெட் வேகத்தைக் குறைத்தும் சோதிங்க.

விண்ணப்பதாரர்களுக்கு ஒன்று: பணம் கட்டும்போது பக்கம் நின்னுட்டா, உடனே மறுபடி கட்டாதீங்க. முதலில் விண்ணப்ப நிலையைப் பாருங்க. சந்தேகம் இருந்தால் அருகிலுள்ள இ-சேவை மையத்தில் கேளுங்க.