பத்திரிகையில் அலங்கார எழுத்து

புதூர்நாட்டிலிருந்து திருப்பத்தூருக்கு இறங்கிக் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கிறீர்களா? சுழித்து வளைத்த எழுத்து மணமக்கள் பெயருக்கு மட்டும் போதும். இடம், நாள், முகூர்த்த நேரமெல்லாம் சாதா எழுத்திலேயே இருக்கட்டும். இலங்கையின் தாரிக் அஸீஸ் வடிவமைத்த ‘கவிவனார்’ எழுத்துரு கையெழுத்துப்போல் சாய்ந்திருக்கும், கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். ஆனால் அது யூனிகோடு. கடைக்காரர் யூனிகோடு அல்லாத ‘பாமினி’ எழுத்துரு வைத்திருந்தால், நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாசகம் கட்டம் கட்டமாக வந்து நிற்கலாம், முன்பே கேட்டுவிடுங்கள். பிழை திருத்திய பிறகே வாசகத்தை ‘கர்வ்ஸ்’ (வெறும் வளைகோடுகள்) ஆக்கச் சொல்லுங்கள், அப்புறம் எழுத்தைத் தொட முடியாது. அசல் அளவில் ஒரு தாள் எடுத்து ‘ண’வின் சுழி, ‘ழ’வின் வால், மெய்யெழுத்துப் புள்ளி தெளிவா என்று பாருங்கள். மஞ்சள் தாளில் தங்க மை என்றால் புள்ளிதான் முதலில் காணாமல்போகும்.