லைசென்ஸ் வேறு, பர்மிட் வேறு

பவர் பிஐ ரிப்போர்ட்டை ஆப்போடு இணைக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் கோட்டக்குப்பம் பிள்ளைகளுக்கு:

1. நம்ம ஊர் ஆட்டோக்காரரின் லைசென்ஸ் இந்தியா முழுக்கச் செல்லும். எல்லை தாண்டிப் புதுச்சேரியின் முத்தியால்பேட்டையில் நின்று சவாரி ஏற்றினால் பர்மிட் கேட்பார்கள். ஆள் யார் என்பது ஒரு கேள்வி. இங்கே என்ன செய்யலாம் என்பது வேறு கேள்வி. பவர் பிஐ வேலையிலும் இந்த இரண்டில் எதில் மாட்டினோம் என்று தெரியாமல் எதிலும் கை வைக்காதீர்கள்.

2. டோக்கனே கிடைக்கவில்லையா? பவர் பிஐ பக்கம் போகவே வேண்டாம். கோளாறு மைக்ரோசாஃப்ட் என்ட்ரா ஐடியில். 2023 வரை அதற்கு அஸூர் ஆக்டிவ் டைரக்டரி என்று பெயர். பழைய குறிப்புகளில் அப்படித்தான் இருக்கும். பிழை எண்ணைப் படியுங்கள். 7000215 என்றால் ஆப்பின் சீக்ரெட் தப்பு. பெரும்பாலும் 'வேல்யூ'வை விட்டுப் பக்கத்திலுள்ள 'ஐடி'யை நகலெடுத்திருப்பீர்கள். வேல்யூ, உருவாக்கும்போது ஒரே ஒருமுறைதான் கண்ணில் படும். 7000222 என்றால் காலாவதி. போர்ட்டலில் ஒரு சீக்ரெட்டுக்கு அதிகபட்சம் 24 மாதம்தான். முடியும் தேதியை அன்றே காலண்டரில் ஏற்றுங்கள்.

3. டோக்கன் கிடைத்தும் உள்ளே விடவில்லையென்றால்: பவர் பிஐ அட்மின் போர்ட்டலில் சர்வீஸ் பிரின்சிபல்களுக்கு, அதாவது தன் பெயரிலேயே நுழையும் ஆப்களுக்கு, ஏபிஐ திறந்திருக்கிறதா? அங்கே குறித்த செக்யூரிட்டி குரூப்பில் உங்கள் ஆப் உண்டா? வொர்க்ஸ்பேஸில் சேர்த்தார்களா? 'மை வொர்க்ஸ்பேஸ்' ரிப்போர்ட்டை அந்த ஆப்பால் தொடவே முடியாது. என்ட்ராவில் ஏபிஐ பர்மிஷன்களை அடுக்குவதும் வீண். இந்த வகை ஆப்புக்குப் பவர் பிஐ அதைப் பார்ப்பதில்லை. ஒன்றை மாற்றினால் கால் மணி நேரம் பொறுங்கள். அதற்குள் இன்னும் நாலைத் தட்டினால் எது சரிசெய்தது என்றே தெரியாது.

4. 401 என்றால் அடையாளம், 403 என்றால் அனுமதி என்று படித்திருப்பீர்கள். பவர் பிஐ அவ்வளவு ஒழுங்காகப் பேசாது. அனுமதி இல்லாத இடத்திலும் 401 சொல்லும். சிலசமயம் அப்படியொரு பொருளே இல்லையென்று 404 சொல்லிவிடும். டோக்கனைப் பிரித்துப் பாருங்கள்: எந்தச் சேவைக்கு வாங்கியது, எந்த டெனன்ட், எப்போது முடிகிறது. மைக்ரோசாஃப்ட் கிராஃபுக்கு வாங்கியது இங்கே செல்லாது. நேரம் யுடிசி, ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள்.

5. அவசரத்துக்கு அட்மின் உரிமை கேட்காதீர்கள். கொடுத்துவிடுவார்கள், அதுதான் ஆபத்து. திரும்ப வாங்க யாருக்கும் ஞாபகம் இருக்காது.

6. சீக்ரெட்டை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு "அண்ணே, பாருங்க" என்று கேட்க வேண்டாம். பிழை எண், ரிக்வெஸ்ட் ஐடி, நேரம் போதும். ஏற்கெனவே போட்டாயிற்றா? மெசேஜை அழித்துப் பயனில்லை. சீக்ரெட்டையே அழித்துவிட்டுப் புதிது எடுங்கள்.