விறகை அறிந்து வாங்குதல்

நூல் வாங்கும்பொழுது சிட்டத்தைப் பிரித்து, இழையை இழுத்துப் பார்த்தே வாங்குகிறோம். சாயக் கொப்பரைக்கு வரும் விறகையோ வண்டியோடு எடை போட்டு இறக்கிவிடுகிறோம். விறகும் அங்கத்தினர் பணமே. பெயர் தெரியாத கட்டையையும் கண்ணாலும் மூக்காலும் பெரும்பாலும் இனங்காண இயலும்.

முதலில் கவனித்தற்குரியது ஈரம். பச்சை விறகின் எடையிற் பாதி நீராக இருத்தல் உண்டு. அத்தகைய விறகு 1,000 கிலோ வாங்கி, ஐந்தில் ஒரு பங்கு ஈரம் நிற்கும்வரை உலர்த்தினால் 625 கிலோவே மிஞ்சும். மற்ற 375 கிலோவுக்கும் நாம் கொடுத்தது நீரின் விலை. உலர்த்தாமல் எரித்தால், அந்நீரை ஆவியாக்கவே வெப்பத்தில் ஒரு பகுதி செலவாகும், கொப்பரை கொதிக்கத் தாமதமாகும், புகையும் மிகும்.

உலர்ந்த கட்டையின் முனையில் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி வெடிப்புகள் ஓடியிருக்கும். பட்டை எளிதிற் கழலும். இரு கட்டைகளை மோதினால் கணீரென்று ஒலிக்கும். பச்சைக் கட்டையின் ஒலி மந்தமானது. முனை மட்டும் காய்ந்திருப்பதும் உண்டாகையால், ஒரு கட்டையைப் பிளந்து உட்புறத்தைத் தொட்டுப் பார்த்தல் வேண்டும்.

அடுத்தது இனம். பட்டை, நடுவிலுள்ள வைரம், அதைச் சூழ்ந்த வெளிறு, கனம், மணம் ஆகியவற்றைச் சேர்த்து நோக்குக. பழைய முனையில் மணம் தங்காது. அரிவாளால் புதிதாகச் சீவிய இடத்தை முகர்தல் வேண்டும்.

சவுக்கு: நேரான கழி; பழுப்புப் பட்டை நாராக உரியும்; கனமானது.

கருவேல்: கறுத்த பட்டையில் நெடுக்காக ஆழ்ந்த பிளவுகள், செம்பழுப்பு வைரம்.

சீமைக் கருவேல்: கோணல் கட்டை, கணுக்களில் முள், மெல்லிய மஞ்சள் வெளிறு, கரும்பழுப்பு வைரம்.

புளி: அகன்ற, வெளிர்ந்த வெளிறின் நடுவே ஊதா கலந்த கரும்பழுப்பு வைரம்.

இந்நான்கும் நின்றெரிவன. வேம்பின் வைரம் செந்நிறமானது. சீவினால் தனி மணம் வீசும். இலவமும் முருங்கையும் வெளுத்து, இலேசாக இருக்கும். விரைவில் எரிந்து அடங்கும். இவற்றைச் சவுக்கின் விலைக்கு வாங்குதல் நஷ்டமே.

மூன்றாவது, விலக்க வேண்டியவை. அரளியின் புகையும் நஞ்சு. நெடுஞ்சாலையின் நடுத்திட்டுகளில் வெட்டிய அரளிக் கிளைகள் சுள்ளியோடு கலந்து வரக்கூடும். கணுவுக்கு மும்மூன்றாக நிற்கும் நீண்டு குறுகிய இலைகளால் அறியலாம். பிச்சாவரம் போன்ற உப்பங்கழிப் பகுதிகளில் வளரும் தில்லையின் பால் கண்ணைக் கெடுக்கும். எனவே, வெட்டினால் பால் வடியும் அறியாத மரத்தை ஏற்க வேண்டாம். நாவில் வைத்துச் சோதித்தலும் கூடாது. வர்ணம் பூசிய பலகையும், பச்சைச் சாயல் படிந்த மருந்தேற்றிய மரமும் அடுப்புக்கு ஆகா. பின்னதில் ஆர்சனிக் இருக்கலாம். எரித்தபின் அது சாம்பலிலும் தங்கும். அச்சாம்பலை எருவென்று வயலில் இடுபவரும் நம் அங்கத்தினரே.

ஒவ்வொரு சங்கமும் தன் வட்டாரத்து விறகினங்களில் ஒவ்வொரு துண்டை, பட்டையோடு குறுக்கே வெட்டி, பெயர் எழுதிக் கிடங்கில் வைத்திருத்தல் நலம். வண்டி வந்ததும் அவற்றோடு ஒப்பிட்டு, இனத்தையும் ஈரத்தையும் வரவுப் பதிவேட்டில் குறித்த பின்னரே எடைச் சீட்டில் கையொப்பமிடுக. கணக்கில் சிக்கனமும், அடுப்படியில் நிற்பவரின் கண்ணுக்குக் காப்பும் இதனால் ஒருங்கே கிட்டும்.