குழாய்க்குள்ளே என்ன இருக்கிறது?

அந்தமானில் பல வீடுகளில் கழிவுநீர் குழாய் வழியே செப்டிக் டேங்குக்குப் போகிறது. குழாய் மண்ணுக்குள் இருக்கிறது. கோளாறு வந்தால் கண்ணுக்குத் தெரியாது.

ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் நின்றால் அடைப்பு அருகில்தான் இருக்கும். குத்தி எடுத்துவிடலாம். சமையலறையில் தண்ணீர் ஊற்றும்போது கழிப்பறையில் ‘களக் களக்’ என்று சத்தம் வருகிறதா? குளியலறையிலும் தண்ணீர் மேலே ஏறுகிறதா? அப்படியானால் பெரிய குழாய் அடைத்திருக்கும். அல்லது தொட்டி நிரம்பியிருக்கும். முதலில் தொட்டியைப் பாருங்கள். நிரம்பியிருந்தால் லாரி வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். ஆளை உள்ளே இறக்காதீர்கள். விஷவாயு உயிரைக் குடிக்கும். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

தொட்டியும் சுத்தம். அடைப்பும் எடுத்தாயிற்று. ஆனாலும் ஒரு மாதத்துக்குள் மறுபடி அடைக்கிறது. இப்போதுதான் கேமரா வேண்டும். முதல் அடைப்புக்கே கேமரா என்றால் வீண் செலவு.

நீண்ட வயரின் நுனியில் சின்னக் கேமராவும் விளக்கும் இருக்கும். அதைக் குழாய்க்குள் விடுவார்கள். வெளியே டிவி போன்ற பெட்டியில் படம் தெரியும். மர வேர் நுழைந்ததா? மூட்டு விலகியதா? எத்தனை அடி தூரத்தில்? எல்லாம் தெரியும். அந்த இடத்தை மட்டும் தோண்டினால் போதும். கேமரா அடைப்பை எடுக்காது. காட்டித்தான் கொடுக்கும்.

2004 டிசம்பர் 26 அன்று பூமி அதிர்ந்தது. போர்ட் பிளேர் பகுதியில் நிலம் ஏறக்குறைய 1 மீட்டர் தாழ்ந்தது. அந்த ஊருக்கு இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். அதற்கு முன் பதித்த குழாய்களில் மூட்டு விலகியிருக்கலாம். பழைய வீடு வாங்குகிறீர்களா? முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.